பாலக்காட்டு ஃபிளாட்டில் சங்கம் தண்ணீரை அடைத்துவிட்டது: யார் பக்கம் சட்டம்?

உங்கள் கேள்வி நீளமானது. முதலில் அதை நான் புரிந்துகொண்டபடி சொல்லிவிடுகிறேன். பாலக்காட்டிலிருந்து சித்தூர் போகும் சாலையில் உங்கள் அப்பா பெயரில் ஒரு ஃபிளாட் இருக்கிறது. சாவி வாங்கி நான்கரை ஆண்டுகள் ஆகின்றன. உரிமையாளர் சங்கம் மாதப் பராமரிப்புத் தொகையை 2,500 ரூபாயிலிருந்து 4,000 ரூபாயாக உயர்த்தி, அதன் தலையில் ஜிஎஸ்டியும் போட்டது. வெளிச்சுவரில் ஈரம் ஊறுவதால் பழுதுபார்த்து வண்ணம் பூச வீட்டுக்கு 60,000 ரூபாய் என்று இன்னொரு சுற்றறிக்கை. கணக்குக் கேட்டும் காட்டவில்லை என்பதால் 11 மாதமாக எதுவும் கட்டவில்லை. போன மாதம் உங்கள் வீட்டுக்குப் போகும் குழாயின் வால்வை அடைத்துவிட்டு, லிஃப்டுக்குள் பாக்கிப் பட்டியல் ஒன்றை ஒட்டி அதில் அப்பாவின் பெயரை முதலில் போட்டார்கள். வரும் கடிதம் எல்லாம் மலையாளத்தில். நீங்கள் கோவையில் இருக்கிறீர்கள். தமிழ்நாட்டுச் சட்டப்படி வழக்குப் போடலாமா, பில்டர்கள் மீதான புகார்களை விசாரிக்கும் ரேரா என்ற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்துக்குப் போகலாமா என்று கேட்கிறீர்கள்.

இதில் இரண்டு கேள்விகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. தண்ணீரை நிறுத்தச் சங்கத்துக்கு உரிமை உண்டா என்பது ஒன்று. பணத்தை நிறுத்த உங்களுக்கு உரிமை உண்டா என்பது மற்றொன்று. இரண்டுக்கும் பதில், ‘உரிமை இல்லை’ என்பதுதான். நீங்கள் கேட்காத மூன்றாவது விஷயம் ஒன்று, அந்த ஈரச் சுவரில் இருக்கிறது. என் கணிப்பில் அதுதான் மிக அவசரமானது. கோவையிலும் பாலக்காட்டிலும் பல ஆண்டுகளாகச் சிவில் வழக்குகள் நடத்தி வருகிறேன். சங்கத்துக்காகவும் வாதாடியிருக்கிறேன், சங்கத்தை எதிர்த்தும் வாதாடியிருக்கிறேன். அந்தப் பழக்கத்தில் எழுதுகிறேன். உங்கள் சங்கத்தின் பைலாவையும் (உள்விதிகளையும்) அப்பாவின் கிரையப் பத்திரத்தையும் நான் பார்க்கவில்லை என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

எந்த மாநிலச் சட்டம் என்பதில் குழப்பமே வேண்டாம். வீடு இருக்கும் மண்ணின் சட்டம்தான். உரிமையாளர் தமிழர், பணம் போனது கோவை வங்கியிலிருந்து, ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது காந்திபுரத்தில் என்பதெல்லாம் இங்கே எடுபடாது. வீட்டின் மீதான உரிமை பற்றிய வழக்கு அது இருக்கும் இடத்து நீதிமன்றத்தில்தான் நடக்கும். தமிழ்நாட்டில் 1994-ஆம் ஆண்டு அடுக்குமாடி உரிமைச் சட்டத்துக்குப் பதிலாக 2022-இல் புதிய சட்டம் இயற்றப்பட்டு 2024-இல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. நண்பர்கள் உங்களுக்கு அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி அதைப் பற்றியதாக இருக்கலாம். வாளையாறு எல்லையைத் தாண்டினால் அது செல்லாது. அங்கே கேரள அடுக்குமாடி உரிமைச் சட்டம், 1983.

அந்தச் சட்டம் ஒரு கட்டிடத்தின் மீது முழுமையாகப் படிய வேண்டுமானால், கட்டிடத்தை அதற்கு உட்படுத்துகிறோம் என்று ஒரு பிரகடனப் பத்திரம் எழுதிப் பதிவு செய்திருக்க வேண்டும். பைலா அதோடு சேர்ந்தே வரும். பல கட்டிடங்களில் பில்டர் இதைச் செய்யாமலே சாவியைக் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார். பிறகு குடியிருப்பவர்களே கூடி, சாதாரணச் சங்கமாகப் பதிவு செய்துகொள்கிறார்கள். இரண்டுக்கும் பெரிய வேறுபாடு உண்டு. பிரகடனம் இருந்தால் ஒவ்வோர் உரிமையாளரும் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் பைலாவுக்குக் கட்டுப்பட்டவர். அது இல்லாத இடத்தில் சங்கம் என்பது உறுப்பினர்கள் தங்களுக்குள் செய்துகொண்ட உடன்பாடு மட்டுமே.

உங்கள் பக்கத்துக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. பாலக்காடு தாலுகா பழைய சென்னை மாகாணத்து மலபாரில் இருந்தது. சித்தூர் தாலுகாவோ கொச்சி சமஸ்தானத்துக்குச் சொந்தம். அந்தக் கோடு அழிந்து எத்தனையோ ஆண்டுகள் ஆகியும் சங்கப் பதிவில் இன்னும் உயிரோடு இருக்கிறது. மலபார் பகுதியில் 1860-ஆம் ஆண்டின் சங்கங்கள் பதிவுச் சட்டம். கொச்சியாக இருந்த பகுதியில் 1955-ஆம் ஆண்டின் திருவிதாங்கூர்-கொச்சி சங்கச் சட்டம். ஆகவே உங்கள் கட்டிடம் அந்தச் சாலையில் எந்தத் தாலுகாவுக்குள் நிற்கிறது என்பதை வரி ரசீதில் பார்த்துவிடுங்கள். சங்கத்தின் பதிவுச் சான்றிதழிலும் எந்தச் சட்டம் என்று எழுதியிருக்கும். கன்னியாகுமரி மாவட்டத்து வாசகர்கள் இதைத் தங்களுக்கும் பொருத்திக்கொள்ள வேண்டாம். அந்தப் பகுதி 1956 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டோடு சேர்ந்தது. அங்கே 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம்தான். அதன் 36-ஆவது பிரிவின்படி உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்கினர் கேட்டால் பதிவாளர் சங்கத்தின் கணக்கையும் நிர்வாகத்தையும் விசாரிக்கலாம்.

இனி தண்ணீருக்கு வருகிறேன். பராமரிப்புத் தொகை பாக்கி என்பது கடன். கடனை வசூலிக்கச் சட்டம் வழி வைத்திருக்கிறது: நோட்டீஸ் அனுப்பலாம், பைலாவில் இருந்தால் வட்டி போடலாம், வழக்குப் போடலாம். குடிநீரை அடைத்துக் கடனாளியைப் பணிய வைப்பது அந்த வழிகளில் ஒன்றல்ல. ‘பாக்கி வைத்தால் வசதிகளை நிறுத்தலாம்’ என்று பைலாவிலேயே எழுதியிருக்கிறது என்பார்கள். நீச்சல் குளம், உடற்பயிற்சிக் கூடம், விழா அரங்கு ஆகியவற்றில் அந்த விதி எடுபடலாம். குடிநீரிலும் கழிவுநீரிலும் நீதிமன்றங்கள் அதை எளிதில் ஏற்பதில்லை. மின்சாரம் இன்னும் தெளிவானது. 2003-ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டப்படி கட்டண பாக்கிக்காக இணைப்பைத் துண்டிக்கும் அதிகாரம் மின் வாரியத்துக்கும் மற்ற உரிமதாரர்களுக்கும்தான் இருக்கிறது. அவர்களும் 15 நாள் முன்னறிவிப்புக் கொடுத்தாக வேண்டும். சங்கத்துச் செயலாளர் ஃபியூஸைப் பிடுங்கினால் அவருக்கு எந்தச் சட்டமும் துணை நிற்காது. ஜெனரேட்டர் இணைப்பு வேறு கதை. அது சங்கத்தின் சொந்தச் செலவில் ஓடுவது.

இதற்கு நிவாரணம் பாலக்காட்டிலோ சித்தூரிலோ உள்ள முன்சீப் நீதிமன்றத்தில். வால்வைத் திறந்துவிடச் சொல்லி வழக்கும், கூடவே இடைக்கால உத்தரவு கேட்டு ஒரு மனுவும் போட வேண்டும். அன்றைக்கே வழக்கறிஞர் ஆணையர் ஒருவரை நியமிக்கக் கேளுங்கள். அவர் நேரில் வந்து, அடைபட்ட வால்வு, பக்கத்து வீட்டில் ஓடும் குழாய், உங்கள் சமையலறையில் காய்ந்து கிடக்கும் தொட்டி எல்லாவற்றையும் பார்த்துப் படத்தோடு அறிக்கை தருவார். அந்த அறிக்கை வந்த பிறகு ‘மோட்டார் பழுது, எல்லோருக்கும்தான் தண்ணீர் இல்லை’ என்று சங்கம் சொல்ல முடியாது. ஆணையர் வருகிறார் என்று தெரிந்த மறுநாளே வால்வு தானாகத் திறந்துகொண்ட வழக்குகளை நான் பார்த்திருக்கிறேன். போலீஸ் நிலையத்தில் புகார் கொடுப்பதைத் தடுக்க மாட்டேன், தேதியோடு ஒரு ரசீது கிடைக்கும். ஆனால் சிவில் தகராறு என்று சொல்லித் திருப்பி அனுப்பவே வாய்ப்பு அதிகம். ஆழியாற்றுத் தண்ணீரில் சித்தூருக்கு இத்தனை டிஎம்சி என்று 1970-ஆம் ஆண்டின் ஒப்பந்தத்தைக் காட்டி இரண்டு அரசுகள் வாதாடும் ஊர் அது; அங்கே ஒரு முதியவரின் குளியலறைக் குழாய் காவல் ஆய்வாளரின் மேசையில் பெரிய விஷயமாகத் தெரியாது.

ஆனால் அந்த மனுவை விசாரிக்கும் நீதிபதி உங்களிடம் கேட்கும் முதல் கேள்வி, ‘பாக்கியைக் கட்டிவிட்டீர்களா?’ என்பதாகத்தான் இருக்கும். இங்கே உங்கள் நிலை பலவீனம். 11 மாதமாக ஒரு ரூபாயும் கொடுக்காமல் தண்ணீர், லிஃப்ட், காவலாளி, குப்பை அள்ளுபவர் என்று எல்லாவற்றையும் பயன்படுத்தியிருக்கிறீர்கள். சுத்தமான கரங்களுடன் வரவில்லை என்று எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து சொல்வார், அதில் நியாயமும் இருக்கும். கணக்குக் காட்டவில்லை என்பது கணக்கைக் கேட்பதற்கான காரணம். பணத்தை நிறுத்துவதற்குச் சட்டம் அதை ஒரு காரணமாக ஏற்பதில்லை. நாங்கள் தரைத்தளம், லிஃப்டில் ஏறுவதே இல்லை, எனவே பங்கு கிடையாது என்று வாதிடுபவர்களுக்கும் இதே பதில். பொது வசதியைப் பயன்படுத்த மாட்டேன் என்று கைவிட்டுப் பொதுச் செலவிலிருந்து தப்பிக்க முடியாது.

சங்கம் சரியாகப் பதிவாகவில்லை, நாங்கள் உறுப்பினராகவே சேரவில்லை என்று சிலர் வாதிடுவார்கள். அப்போதும் முழுத் தப்புக் கிடைக்காது. 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம், 70-ஆவது பிரிவு: இலவசமாகச் செய்யும் எண்ணமில்லாமல் ஒருவர் சட்டபூர்வமாகச் செய்த காரியத்தின் பலனை நீங்கள் அனுபவித்தால் அதற்கு ஈடு கொடுத்தாக வேண்டும். வாதம் தொகையைக் கொஞ்சம் குறைக்கும், அவ்வளவுதான். இன்னொன்று, பிரகடனம் செய்த கட்டிடமாக இருந்தால் பொதுச் செலவு பாக்கி வீட்டின் மீதே சுமையாக உட்கார்ந்துகொள்ளும். சாதாரணக் கடனை வசூலிக்கச் சங்கத்துக்கு 3 ஆண்டு அவகாசம். சொத்தின் மீது சுமையாக நிற்கும் கடன் என்று நிரூபித்தால் 12 ஆண்டு. நாளைக்கு வீட்டை விற்கப் போகும்போது தடையில்லாச் சான்று கேட்டு அதே செயலாளர் வாசலில்தான் நிற்க வேண்டியிருக்கும்.

ஆகவே செய்ய வேண்டியது இது. தகராறே இல்லாத பழைய விகிதப்படி 11 மாதத்துக்கு 27,500 ரூபாய் வருகிறது. அதை நாளைக்கே சங்கத்தின் வங்கிக் கணக்குக்கு அனுப்புங்கள். எந்த எந்த மாதத்துக்கு என்று எழுதி, உயர்த்திய 1,500 ரூபாய் வித்தியாசத்தை ஆட்சேபிப்பதாகவும், தீர்மானத்தின் நகல் கிடைத்ததும் முடிவு செய்வதாகவும் பதிவுத் தபாலில் கடிதம் போடுங்கள். செயலாளர் கையில் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். ‘எங்க சேட்டன் நல்ல மனுஷன்’ என்று உங்கள் அப்பா சொன்னாலும் கொடுக்காதீர்கள்.

உயர்வு செல்லுமா என்பது பொதுக்குழுவின் தீர்மானத்தைப் பொறுத்தது. பைலாவில் சொன்னபடி எத்தனை நாள் முன்பு அறிவிப்புப் போனது, அதில் கட்டண உயர்வு என்று பொருள் எழுதியிருந்ததா, போதிய உறுப்பினர் வந்தார்களா, நடவடிக்கைப் புத்தகத்தில் வாக்கு எண்ணிக்கை இருக்கிறதா என்று பாருங்கள். நிர்வாகக் குழுவில் ஐந்து பேர் டீக்குடித்துக்கொண்டு முடிவு செய்து சுற்றறிக்கை விட்டிருந்தால் அது ஆட்டம் காணும். எல்லா வீட்டுக்கும் ஒரே தொகையா, பரப்புக்கு ஏற்பவா என்பதையும் பாருங்கள். கேரளச் சட்டத்தின்படி பொதுச் செலவு நிலத்திலும் பொது இடங்களிலும் அவரவருக்கு உள்ள பிரிபடாத பங்கின் விகிதத்தில் பகிரப்பட வேண்டியது. உங்களுடையது சிறிய வீடு என்றால் இது உங்களுக்குச் சாதகம். பெரிய வீடு என்றால் இந்தப் பேச்சை எடுக்காமல் இருப்பது புத்திசாலித்தனம்.

பில்லில் இருக்கும் ஜிஎஸ்டியைப் பற்றி ஐயமே இல்லை. ஓர் உறுப்பினரிடம் மாதம் 7,500 ரூபாய் வரை வாங்கும் பராமரிப்புத் தொகைக்கு வரி விலக்கு உண்டு. உங்களுடையது 4,000. அதோடு, ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டாத சங்கம் ஜிஎஸ்டியில் பதிவு செய்யவே தேவையில்லை. பதிவு செய்யாதவர் வரி என்ற பெயரில் பணம் வாங்குவதைச் சட்டமே தடுக்கிறது. பில்லில் பதிவு எண் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். இந்த ஒரு கேள்வியை எழுத்தில் கேட்டாலே பொருளாளர் உங்களோடு பேசும் தொனி மாறும்.

நான் அவசரம் என்று சொன்ன சுவர் இப்போது வருகிறது. தென்மேற்குப் பருவமழை கணவாய் வழியாகச் சாய்ந்து அடிக்கும் ஊரில் நான்கரை ஆண்டில் வெளிச்சுவர் ஊறுகிறது என்றால், பூச்சிலோ வெளிப்புறப் பூச்சுக்கலவையிலோ குறை இருக்கலாம். 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம், 14-ஆவது பிரிவின்படி, வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் கட்டமைப்பிலோ வேலைத் தரத்திலோ உள்ள குறையைச் சுட்டிக்காட்டினால் பில்டர் 30 நாளுக்குள் தன் செலவில் சரிசெய்ய வேண்டும், தவறினால் இழப்பீடு. உங்களுக்கு மீதி இருப்பது சுமார் ஆறு மாதம். வீட்டுக்கு 60,000 ரூபாய் என்று வசூலித்துச் சங்கமே பூசி மறைத்துவிட்டால், குறை எங்கே இருந்தது என்பதற்கான சாட்சியமும் அந்தப் பூச்சுக்கு அடியில் போய்விடும். ஒரு கட்டுமானப் பொறியாளரை வைத்து அறிக்கை எடுத்துப் பில்டருக்கு நோட்டீஸ் அனுப்பச் சொல்லிச் சங்கத்தை வற்புறுத்துங்கள். அவர்கள் அசையாவிட்டால் அப்பா பெயரிலேயே அனுப்புங்கள். சண்டை பிடித்துக்கொண்டிருக்கும் இரு தரப்பும் உண்மையில் ஒரே ஆளிடம் பணம் கேட்க வேண்டியவர்கள்.

ரேராவுக்குப் போகலாமா என்றதற்கும் இதிலேயே பதில் இருக்கிறது. பில்டர், வீடு வாங்கியவர், தரகர் ஆகியோர் மீதுதான் அங்கே புகார் கொடுக்க முடியும். சங்கம் அந்த வரிசையில் இல்லை. கணக்குக் காட்டாத செயலாளர் மீது அங்கே போனால் திருப்பி அனுப்புவார்கள். வீடு வாங்கியவர்களிடம் பராமரிப்புக்காக வாங்கி வைத்த மூலநிதியைப் பில்டர் ஒப்படைக்கவில்லை, விற்காத வீடுகளுக்குப் பராமரிப்புத் தொகை கட்டவில்லை, வரைபடங்களையும் அனுமதிகளையும் தரவில்லை, சுவர் ஊறுகிறது என்பவற்றுக்குத் திருவனந்தபுரத்தில் உள்ள கேரள ஆணையம் சரியான இடம். அங்கே சங்கமும் புகார்தாரராக இருக்கலாம். நுகர்வோர் ஆணையத்தில் அது அவ்வளவு எளிதல்ல. சட்டத்தின்படி கட்டாயமாக அமைந்த உரிமையாளர் சங்கம் தன்னார்வ நுகர்வோர் சங்கம் ஆகாது என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கர்நாடகக் கட்டிடம் ஒன்றைப் பற்றிய வழக்கு அது. எனவே உரிமையாளர்கள் தனித்தனியாகவோ, ஒரே குறை உள்ள பலர் சேர்ந்தோ போவது நல்லது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் சட்டம் புகார்தாரர் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போட அனுமதிக்கிறது. பத்திரத்தில் உங்கள் பெயரும் இருந்தால் கோவை மாவட்ட ஆணையத்திலேயே பில்டர் மீது போடலாம். அப்பா பெயர் மட்டும் என்றால் அவர் வசிக்கும் பாலக்காடுதான்.

இனிச் சொல்வதில் உறுதி குறைவு. தன் சங்கத்தின் மீதே ஓர் உறுப்பினர் நுகர்வோராகப் புகார் கொடுக்கலாமா என்பதில் ஆணையங்கள் இரண்டு விதமாகவும் தீர்ப்பளித்திருக்கின்றன. சங்கம் சேவை தருகிறது, பணம் வாங்குகிறது என்பது ஒரு வாதம். சங்கம் என்பதே நீங்கள்தான், உங்களுக்கு நீங்களே எப்படி நுகர்வோர் என்பது எதிர்வாதம். என் கட்சிக்காரருக்கு இதை முதல் வழியாகச் சொல்ல மாட்டேன். லிஃப்டில் பெயர் ஒட்டியது அவதூறா என்பதும் அப்படித்தான். பெயர், மாதம், தொகை மட்டும் இருந்து அது உண்மையாகவும் இருந்தால் வழக்கு நிற்பது கடினம். ‘ஏமாற்றுபவர்’ என்பது போல ஒரு சொல் சேர்ந்திருந்தால் நிலைமை மாறும். படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், இப்போதைக்கு அதை ஆயுதமாக எடுக்காதீர்கள்.

மலையாளச் சுற்றறிக்கை விஷயத்தில் தமிழர்கள் ஒரு தவறான நம்பிக்கையில் இருக்கிறார்கள். கேரளத்தில் தமிழ்ச் சிறுபான்மையினர் அரசு அலுவலகங்களோடு தமிழில் எழுத்துப் போக்குவரத்து நடத்த ஏற்பாடு உண்டு; குறை தீர்க்கக் கோரும் மனுவை எந்த அதிகாரியிடமும் அந்த மாநிலத்திலோ ஒன்றியத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் கொடுக்கலாம் என்று அரசியல் சட்டத்தின் 350-ஆவது பிரிவும் சொல்கிறது. இவையெல்லாம் அரசைக் கட்டுப்படுத்துபவை. தனியார் சங்கத்தைத் தமிழில் எழுதக் கட்டாயப்படுத்த இவை உதவாது. ஆங்கிலப் பிரதி ஒன்று தரும்படி எழுத்தில் கேளுங்கள், பெரும்பாலும் தந்துவிடுவார்கள். அதைவிட முக்கியம், படிக்கத் தெரியாத தாளில் அப்பா கையெழுத்துப் போடக் கூடாது. வருகைப் பதிவேடு என்று நீட்டப்படும் தாளின் மேல்பகுதியில் தீர்மானம் எழுதியிருக்கும். பிறகு அது அவருடைய சம்மதமாக நீதிமன்றத்துக்கு வரும். நீங்கள் மகன் என்பதால் மட்டும் பொதுக்குழுவில் பேசும் உரிமை உங்களுக்கு வந்துவிடாது. பைலா அனுமதித்தால் பதிலாளாக நியமித்து அப்பா எழுதிய கடிதத்தோடு போங்கள்.

பைலா நகலைச் செயலாளர் தர மறுத்தால் அவரோடு மல்லுக்கட்ட வேண்டாம். அது மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் கிடக்கிறது. 1860-ஆம் ஆண்டின் சட்டப்படி பதிவான சங்கம் என்றால், கோப்பில் உள்ள ஆவணங்களை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று 19-ஆவது பிரிவு சொல்கிறது. மூலச் சட்டத்தில் அதற்குக் கட்டணம் ஒரு ரூபாய். ஆண்டுதோறும் நிர்வாகக் குழுவின் பட்டியலைத் தாக்கல் செய்ய வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் உண்டு. இப்போதைய குழுவின் பெயர்கள் அங்கே இருக்கின்றனவா என்று பார்ப்பது, கட்டண உயர்வை எதிர்க்க நினைக்கும் எவருக்கும் முதல் வேலை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுவதானால் ஆங்கிலத்தில் எழுதுங்கள், மொழியைக் காரணம் காட்டித் திருப்ப முடியாது.

வக்கீல் செலவுக்கு முன்பாக மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் சமரசத்துக்கு ஒரு மனுக் கொடுத்துப் பாருங்கள். தண்ணீர் உடனே வேண்டும் என்பதால் அதையும் முன்சீப் நீதிமன்ற மனுவையும் ஒரே வாரத்தில் செய்யலாம், ஒன்றுக்காக மற்றொன்று காத்திருக்க வேண்டியதில்லை. பைலாவில் நிலுவை, வட்டி, வசதி நிறுத்தம் பற்றிய விதிகள் உள்ள பக்கங்களும், வீட்டை ஒப்படைத்த தேதி உள்ள கடிதமும் கிடைத்தால் இங்கேயே போடுங்கள். கட்டிடத்தின் பெயரையும் ஆட்களின் பெயர்களையும் மறைத்துவிட்டுப் போடுங்கள். அவற்றைப் பார்த்தால் உயர்த்திய 1,500 ரூபாயைப் பற்றி இன்னும் திட்டமாகச் சொல்வேன். பில்டருக்கான நோட்டீஸை மட்டும் என் பதிலுக்காகத் தாமதிக்காதீர்கள்.